பி.வி. குளோப்: கல்லறைத் தீவில் நகரைக் கண்டவர்

வளைகுடா நாடுகளின் வரலாறு எண்ணெய்க் கிணறுகளோடுதான் தொடங்கியது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அந்த எண்ணம் தவறானது என்பதற்கு மண்ணுக்குள்ளிருந்து சான்றுகளை எடுத்துக் காட்டியவர்களில் முதன்மையானவர், டென்மார்க் நாட்டுத் தொல்லியல் அறிஞர் பீட்டர் வில்ஹெல்ம் குளோப்.

1911ஆம் ஆண்டு பிறந்த குளோப், 1949இல் ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். டென்மார்க்கின் சதுப்பு நிலங்களில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அழியாமல் கிடந்த மனித உடல்களை ஆராய்ந்தவர் என்றே உலகம் அவரைப் பெரிதும் அறியும். ஆனால் அவரது மற்றொரு பெரும்பணி வளைகுடாக் கரைகளில் நடைபெற்றது.

பஹ்ரைன் தீவில் பல்லாயிரக்கணக்கான புதைமேடுகள் இருந்தன. அவற்றை எழுப்பியவர்கள் வாழ்ந்த ஊர் மட்டும் கிடைக்கவில்லை. 1925இல் அங்கு அகழாய்வு செய்த ஏர்னஸ்ட் மக்கே, அரேபிய நிலப்பகுதி மக்கள் தங்கள் இறந்தோரை அடக்கம் செய்வதற்காகவே இத்தீவைப் பயன்படுத்தினர் எனக் கருதினார். எண்ணெய் நிறுவனப் பணிக்காக முன்னர் பஹ்ரைனில் வசித்த பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜெஃப்ரி பிபிக்கு இந்த விளக்கம் நிறைவளிக்கவில்லை. அவரும் குளோபும் 1953இல் ஆய்வுக் குழுவுடன் அங்கு சென்றனர்.

வடக்குக் கரையில், போர்த்துக்கேயர் காலக் கோட்டை நின்ற பெரும் மண்மேட்டை அவர்கள் தோண்டினர். அது இயற்கையான குன்று அல்ல. தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்ததால் அடுக்கடுக்காக உயர்ந்த மேடு. அதனடியில் மதில் சூழ்ந்த நகரம் இருந்தது. சிந்துவெளியில் வழங்கிய அளவு முறையிலான எடைக்கற்களும் அங்கு கிடைத்தன. சுமேரியக் களிமண் ஏடுகள் கூறும் தில்முன் என்ற வணிக நாடு இதுவே என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. பார்பார் கிராமத்தருகே பழங்காலக் கோயில் ஒன்றும் வெளிப்பட்டது.

1959இல் அபுதாபியை அடுத்த உம் அந்நார் தீவில் குளோபின் குழு அகழாய்வைத் தொடங்கியது. ஒட்டகம், காளை உருவங்கள் செதுக்கப்பட்ட கற்களுடன், நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வட்டக் கல்லறைகள் அங்கு கண்டறியப்பட்டன. அதைப் பார்வையிட வந்தவர், அப்போது அல் அய்ன் பகுதியை நிர்வகித்த ஷேக் ஸாயித். பின்னாளில் ஐக்கிய அரபு எமிரேட்டுகளின் முதல் அதிபரான அவர், தமது பகுதியிலும் இத்தகைய மேடுகள் உள்ளன எனத் தெரிவித்தார். அவ்வழியே ஹஃபீத் மலையின் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கல்லறைகள் ஆய்வுக்கு வந்தன. அல் அய்ன் தொல்லிடங்கள் 2011இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின.

கல்லறை கிடைத்து, ஊர் கிடைக்காத நிலை தமிழர்களுக்குப் புதியதல்ல. ஆதிச்சநல்லூரின் தாழிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தும், அங்கு மக்கள் வாழ்ந்த இடத்தின் தடயங்கள் 2004-05 அகழாய்வில்தான் வெளிவந்தன.

1960 முதல் 1981 வரை டென்மார்க்கின் தொல்பொருள் துறைத் தலைவராகப் பணியாற்றிய குளோப், 1985இல் காலமானார். அவர் கண்ட புதைமேடுகளில் பெரும்பகுதி, பின்னர் சாலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் இடம் கொடுத்து மறைந்துவிட்டது. எஞ்சியவற்றில் 11,774 மேடுகள் 2019இல் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தோண்டிப் பார்க்கும் முன்பே தரைமட்டமான மேடுகள் சொல்லியிருக்கக்கூடிய செய்தியை இனி எவராலும் மீட்க இயலாது.