மாற்றி எழுதப்பட்ட பக்கம்



ஓசூர் சிப்காட் பகுதியில் ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. ஆலைகள் உள்ள ஊரில் பல இனத்தவர் கூடி வாழ்வது புதிதல்ல. போலந்து நாட்டின் லோட்ஸ் நகரமும் அப்படித்தான் இருந்தது. நெசவாலைகளால் வளர்ந்த அந்நகரில் போலந்து மக்களும் யூதரும் ஜெர்மானியரும் அக்கம்பக்கமாக வாழ்ந்தனர். அங்கே 1914-ஆம் ஆண்டு ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் யான் கார்ஸ்கி. அவரது வாழ்வை இன்று சிந்திப்போம்.

சட்டம் பயின்ற கார்ஸ்கி வெளியுறவுத் துறையில் பணியில் சேர்ந்தார். 1939 செப்டம்பரில் ஜெர்மனி மேற்கிலிருந்தும் சோவியத் ரஷ்யா கிழக்கிலிருந்தும் போலந்தைக் கைப்பற்றின. ரஷ்யப் படையிடம் கைதியான அவர், தாம் ஓர் அதிகாரி என்பதை மறைத்து, கைதிகள் பரிமாற்றத்தில் வெளியேறினார். பிறகு ஜெர்மானியரிடமிருந்தும் தப்பித் தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்தார்.

இதற்குள் போலந்தின் அரசு நாட்டைவிட்டு வெளியேறி, முதலில் பிரான்சிலும், 1940 ஜூனுக்குப் பின் லண்டனிலும் நாடு கடந்த அரசாக இயங்கியது. நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. நாடிழந்த போலந்துக் குழந்தைகள் பலருக்கு 1942-இல் குஜராத்தின் ஜாம்நகர் அருகே அடைக்கலம் தந்தவர் நவாநகர் மன்னர் திக்விஜய்சிங். தாய்நாட்டில் நடப்பதை இந்த அரசிடம் ரகசியமாகக் கொண்டு சேர்ப்பதே கார்ஸ்கியின் பணி.

1940 தொடக்கத்தில் பிரான்சை அடைந்து முதல் அறிக்கையை அளித்தார். நாசிகளால் யூதர் படும் துன்பத்தை அதில் விவரித்தார். அதோடு நிற்கவில்லை. தம் சொந்த மக்களிலும் பலர் யூதரை வெறுக்கிறார்கள், அந்த வெறுப்பையே ஜெர்மானியர் தங்களுக்குப் பாலமாக்கிக் கொள்கிறார்கள் என்றும் எழுதினார். அரசுக்குச் சங்கடம். நேச நாடுகளின் முன் போலந்தின் பெயர் கெட்டுவிடுமே! எனவே அப்பகுதிகளுக்கு மாற்றுப் பக்கங்கள் தயாராயின. போலந்து மக்கள் அனைவரும் ஒன்றுபட்டு யூத வெறுப்பை நிராகரிப்பதாக அவை கூறின. இரு வடிவங்களும் ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்டதால் உண்மை பின்னாளில் வெளிப்பட்டது.

அதே ஆண்டு அடுத்த பயணத்தில் நாசி ரகசியப் போலீசார் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தனர். இயக்கத்தார் மருத்துவமனையிலிருந்து அவரை மீட்டனர். 1942-இல் யூதத் தலைவர்கள் வேண்டிக்கொள்ள, வார்சாவில் மதில் எழுப்பி யூதரை அடைத்திருந்த கெட்டோ பகுதிக்குள் இருமுறை சென்றார். கொலைக்களங்களுக்கு யூதரை அனுப்பும் முகாம் ஒன்றிலும் காவலர் சீருடையில் நுழைந்து கண்ணால் கண்டார். நவம்பரில் லண்டன் சேர்ந்தார்.

இம்முறை அரசு பேசியது. 1942 டிசம்பர் 10 அன்று, யூத இனமே அழிக்கப்படுவதை நேச நாடுகளுக்கு அதிகாரப்பூர்வமாக அறிவித்தது. டிசம்பர் 17 அன்று 11 அரசுகள் அதைக் கூட்டாகக் கண்டித்தன. அவற்றுள் 8 நாடு கடந்த அரசுகளே. ஆனால் கண்டனத்தைத் தாண்டிப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அந்த அரசின் தேசிய அவையில் யூத உறுப்பினராக இருந்த ஷ்முல் சிகெல்பாய்ம், உலகின் மௌனம் தாங்காமல் 1943 மே மாதம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஜூலையில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டிடமே கார்ஸ்கி நேரில் முறையிட்டார். பொறுமையாகக் கேட்டார்கள். யூதர்களைக் காப்பாற்ற யாரும் விரையவில்லை.

போருக்குப் பின் வாஷிங்டனில் இயேசு சபையினரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கற்பித்தார். தாம் கண்டதைப் பற்றி நெடுங்காலம் மௌனம் காத்தார். 1965-இல், குடும்பத்தாரை இன அழிப்பில் பறிகொடுத்த நடனக் கலைஞர் போலா நிரென்ஸ்காவை மணந்தார். 1982-இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் அவரை நீதிமான்களின் வரிசையில் சேர்த்தது. 2000-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, தம் மக்களுக்காக உயிரைப் பணயம் வைத்தவர் அவர். அதனாலேயே தம் மக்களின் குறையையும் எழுதும் உரிமை பெற்றார். பகைவனின் பாவத்தை எழுதுவது எளிது. நம்முடைய பாவத்தை அதே தாளில் எழுதுவதே கடினம்.

நாசிகளின் கொடுமையோடு எதையும் ஒப்பிட இயலாது. ஆனால் பக்கத்தை மாற்றி எழுதும் பழக்கம் நமக்கும் உண்டு. ஆயரின் வருகைக்காக நாங்கள் ஒருமுறை பங்கு அறிக்கை தயாரித்தோம். வட மாநிலத் தொழிலாளருக்காக இந்தித் திருப்பலி தொடங்கியதைப் பெருமையோடு எழுதினோம். ஒரே அறையில் எட்டுப் பேரைத் தங்கவைத்து, தலைக்கு இவ்வளவு என வாடகை வாங்கும் வீட்டுக்காரர்களில் நம் பங்கு மக்களும் உண்டு என்று ஓர் இளைஞர் ஒரு வரி சேர்த்திருந்தார். பங்குப் பேரவையில் சலசலப்பு. அந்த வரியை அடித்தது குருவாகிய நம்முடைய பேனாதான்.

நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டவனைக் கண்டும் விலகிச் சென்றவருள் முதலாமவர் ஒரு குரு. ஆண்டவர் அதை மறைக்கவில்லை. அடுத்த அறிக்கையில் அந்த வரி இருக்கும். அதற்கு முன் அந்த அறைகளுக்கு நாம் நேரில் செல்வோம். நீங்களும் உடன் வாருங்கள்.