அப்பாவையும் கூட்டிக்கொண்டு போன பெண்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அந்த வாரத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கட்-ஆஃப் எவ்வளவு, மெடிக்கலா எஞ்சினியரிங்கா, எந்தப் பிரிவு, எந்த ஊர் என்று வீட்டில் ஒரு மாநாடே நடந்திருக்கும். அப்பா ஒரு கட்சி, அம்மா ஒரு கட்சி, போதாதற்கு மாமா, சித்தப்பா வேறு. நாம் எந்தக் கட்சி என்றுதான் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்! டாக்டராக ஆசைப்பட்டு இங்கே வந்து சேர்ந்தவர்களும் நம் வகுப்பில் உண்டு. வீட்டோடு சண்டை போட்டு இங்கே வந்தவர்களும் உண்டு. ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிய எல்லோருக்கும் இது தெரியும்.

இப்போது நாற்காலி மாறிவிட்டது. நம் சீனியர்களில் பலருக்குப் பிள்ளைகள் அதே அப்ளிகேஷன்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கும் அந்த வருஷங்கள் தொலைவில் இல்லை. ஆகவே இந்த மலரில், பெற்றோர் வேண்டாம் என்று சொன்ன படிப்பைப் படித்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவர் பெயர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன். பெண் என்று வெளிப்படையாகத் தெரிந்தே பிரிட்டனில் தேர்வு எழுதி, டாக்டர் தகுதி பெற்ற முதல் பெண்மணி.

எலிசபெத் பிறந்தது 1836 ஜூன் 9, லண்டன் வைட்சாப்பல் பகுதியில். அப்பா நியூசன் காரெட் அப்போது அங்கே ஓர் அடகுக் கடை நடத்திக்கொண்டிருந்தார். குடும்பத்துக்குப் பூர்வீகம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள சஃபோக். நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு செய்தி: இந்தக் காரெட் குடும்பம் ஓர் எஞ்சினியரிங் குடும்பம். நியூசனின் அண்ணன் ரிச்சர்ட், லெய்ஸ்டன் என்ற ஊரில் விவசாயக் கருவிகளும் நீராவி எஞ்சின்களும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். எஞ்சினை வரிசையாக நகர்த்தி, ஒவ்வொரு கட்டமாகப் பாகங்களைப் பூட்டுவதற்கென்றே 1850களில் அங்கே ஒரு நீண்ட கூடம் கட்டினார்கள். இன்றைய அசெம்பிளி லைனுக்கு அது ஒரு பாட்டன் என்று சொல்லலாம்.

நியூசன் 1841இல் சொந்தச் சீமைக்குத் திரும்பி, ஆல்ட்பரோ என்ற கடற்கரை ஊரில் குடியேறினார். தானியமும் நிலக்கரியும் வாங்கி விற்றார். பிறகு பக்கத்தில் ஸ்னேப் என்ற இடத்தில், பார்லியை முளைகட்டி மால்ட் தயாரிக்கும் பெரிய ஆலைகளைக் கட்டினார். பணம் சேர்ந்தது. கோபக்காரர், பிடிவாதக்காரர், ஆனால் பெண் பிள்ளைகளையும் நன்றாகப் படிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர். எலிசபெத்தையும் அக்காவையும் லண்டன் பக்கம் ஒரு போர்டிங் ஸ்கூலில் 2 வருஷம் படிக்க வைத்தார். அத்தோடு படிப்பு முடிந்தது. வசதியான வீட்டுப் பெண் அதற்குமேல் செய்ய வேண்டியது, நல்ல வரனுக்காகக் காத்திருப்பது. எலிசபெத் காத்திருந்தார், ஆனால் வரனுக்காக அல்ல. வீட்டிலிருந்தபடியே லத்தீனும் கணக்கும் படித்துக்கொண்டிருந்தார்.

1859இல் லண்டனுக்கு ஓர் அம்மையார் சொற்பொழிவு செய்ய வந்தார். அமெரிக்காவில் 1849இல் டாக்டர் பட்டம் வாங்கிய எலிசபெத் பிளாக்வெல். அதைக் கேட்கப் போனதுதான் நம் எலிசபெத்தின் வாழ்க்கையைத் திருப்பியது. ஒரு வருஷம் யோசித்தார். 1860 ஜூன் மாதம், 24ஆவது வயதில், டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு அது அருவருப்பாகவே பட்டது. அதை மறைக்காமல் முகத்துக்கு நேரே சொன்னார். எலிசபெத் அழவில்லை, கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. நர்ஸ் வேலையை ஒரு பெண் செய்யலாம் என்றால் டாக்டர் வேலையில் மட்டும் என்ன அருவருப்பு என்று திருப்பிக் கேட்டார். அப்பாவிடம் பதில் இல்லை. இது பெரிய விஷயம், யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அம்மா லூயிசாவின் நிலை வேறு. ஆழ்ந்த பக்தி உள்ளவர், ஊர் வாய்க்குப் பயந்தவர். மகள் இப்படிப் போனால் அந்த அவமானமே தன்னைக் கொன்றுவிடும் என்று அறைக்குள் போய் அழுதார். நாம் இன்று இதைப் படித்துச் சிரிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் நர்ஸ் வேலைக்கே மரியாதை கிடையாது. நைட்டிங்கேல் அம்மையாரின் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியதே அதே 1860இல்தான். அந்த உலகத்தில், பிண அறுவைக் கூடத்தில் ஆண்களோடு நின்று படிக்கப் போகும் மகளை நினைத்து ஒரு தாய் பயந்ததில் ஆச்சரியம் என்ன?

இந்த இடத்தில் எலிசபெத் செய்ததுதான் என்னைக் கவர்ந்தது. அவர் வீட்டை விட்டு ஓடவில்லை. அப்பாவின் சம்மதத்துக்காகக் கை கட்டிக்கொண்டு உட்காரவும் இல்லை. அப்பாவையும் கூட்டிக்கொண்டே போனார். இருவருமாக லண்டன் ஹார்லி தெருவில் பெரிய டாக்டர்களின் வாசல் வாசலாக ஏறி இறங்கினார்கள். எல்லோரும் கையை விரித்தார்கள். சிலர் மரியாதையில்லாமலும் பேசினார்கள். அங்கேதான் நியூசன் காரெட் மாறினார். தன் மகளை வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார் என்ற ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் எதிர்க்கட்சியாக இருந்தவர், திரும்பி வரும்போது மகள் கட்சிக்கு மாறியிருந்தார்!

பரிசோதனை போல ஓர் ஏற்பாடு கிடைத்தது. 1860 ஆகஸ்டில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 6 மாதத்துக்கு அறுவை வார்டு நர்ஸாகச் சேர்ந்தார். பார்த்ததை எல்லாம் கற்றுக்கொண்டார். மருந்துகள் பற்றியும் லத்தீன், கிரேக்கமும் மருத்துவமனை மருந்தாளரிடம் தனியாகப் படித்தார். கொஞ்சம் கொஞ்சமாக அறுவைக் கூடத்துக்கும் வேதியியல் வகுப்புக்கும் அனுமதி வாங்கினார். 1861இல் ஒரு டாக்டர் மாணவர்களிடம் கேள்வி கேட்டபோது, மற்றவர்கள் முழித்த கேள்விக்கு எலிசபெத் பதில் சொல்லிவிட்டார். வந்தது வினை. ஆண் மாணவர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். அந்த ஜூலையில் அவர் வெளியேற வேண்டியதாயிற்று.

பிறகு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், எடின்பரோ, கிளாஸ்கோ என்று எங்கே விண்ணப்பித்தாலும் இல்லை என்றே பதில். லண்டன் பல்கலைக்கழக செனட்டில் 1862இல் ஓட்டெடுப்பே நடந்தது. 10க்கு 10. தலைமை வகித்த வேந்தர் தன் ஓட்டை எதிராகப் போட, போச்சு! ஒரே ஓட்டில் சீட் போனது என்றால் இதுதான். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் சேர்க்கை அட்டை கொடுத்துவிட்டு, பிறகு செல்லாது என்று சொன்னது.

பிளாக்வெல் போல அமெரிக்காவுக்குப் போய்ப் படித்து வந்தால் என்ன என்று தோன்றும். அந்தக் கதவும் சாத்தியிருந்தது. 1858 மருத்துவச் சட்டப்படி, டாக்டர்களின் பதிவேட்டில் புதிதாகப் பெயர் ஏற வேண்டுமானால் பிரிட்டிஷ் தகுதிதான் வேண்டும். பிளாக்வெல் அந்தச் சட்டத்துக்கு முன்பே இங்கிலாந்தில் வைத்தியம் பார்த்திருந்ததால் தப்பித்தார்.

மிச்சமிருந்தது ஒரே இடம், மருந்தாளர் சங்கம். அவர்கள் நடத்தும் தேர்வில் தேறினாலும் டாக்டராகப் பதிவு செய்யலாம். அந்தச் சங்கத்தின் பழைய சாசனத்தில், தேர்வு எழுதலாம் என்று அனுமதிக்கப்பட்டவர்கள் ஆண்கள் என்று எழுதவில்லை, நபர்கள் என்று எழுதியிருந்தது. பெண்ணும் நபர்தானே! நம்மில் டெண்டர் டாகுமென்ட் படித்துப் பழகியவர்களுக்கு இந்த ஒரு சொல்லின் விலை புரியும்.

சங்கம் கேட்ட பயிற்சிக் காலத்தை ஒரு மருந்தாளரிடம் முடித்தார். ஆண் மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்து கேட்ட பாடங்களை, லண்டனிலும் ஸ்காட்லாந்திலும் ஆசிரியர்களைத் தேடிப் போய், தனிக் கட்டணம் கொடுத்துப் படித்தார். அந்தப் பணமெல்லாம் ஸ்னேப் ஆலையின் மால்ட் பணம். 5 வருஷமும் அப்பா கொடுத்தார். கடைசியில் தேர்வு நேரத்தில் சங்கம் பின்வாங்கப் பார்த்தபோது, கோர்ட்டுக்குப் போவேன் என்று மிரட்டியவரும் அதே அப்பாதான். 1865 செப்டம்பர் 28. அன்று தேர்வெழுதிய 7 பேரில் தேறியவர்கள் 3 பேர். அதில் அதிக மதிப்பெண் எலிசபெத்துக்கு.

அடுத்து சங்கம் செய்த வேலையைக் கேளுங்கள். தனியாகப் படித்தவர்கள் இனி தேர்வு எழுத முடியாது என்று விதியை மாற்றிவிட்டார்கள். கல்லூரியில் பெண்களைச் சேர்ப்பதில்லை, வெளியே படித்தாலும் செல்லாது. அவர் நுழைந்த ஓட்டை அவருக்குப் பின்னாலேயே அடைபட்டது. அடுத்த பத்து வருஷத்துக்கு மேல் இன்னொரு பெண் பிரிட்டனில் தேறி வர முடியவில்லை.

எலிசபெத் தன் காரியம் ஆச்சு என்று இருந்துவிடவில்லை. 1866இல் லண்டனில் ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சிறு வைத்தியசாலை திறந்தார். முதல் வருஷமே 3,000 புதிய நோயாளிகள் வந்தார்கள். பிரெஞ்சு மொழி கற்று, 1870இல் பாரிஸில் எம்.டி. பட்டமும் வாங்கினார். பிரிட்டிஷ் பதிவேடு அந்தப் பட்டத்தை ஏற்க மறுத்தது வேறு கதை. 1871இல் கப்பல் கம்பெனி நடத்திய ஜேம்ஸ் ஆண்டர்சனை மணந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் தொழிலை விடவில்லை. வைத்தியசாலை, பெண் டாக்டர்களே நடத்தும் மருத்துவமனையாக வளர்ந்தது. 1874இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக் முன்னின்று லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியபோது அங்கே பாடம் எடுக்கச் சேர்ந்தார். 1883 முதல் 1903 வரை அதன் டீனாக இருந்தார்.

இந்தக் கல்லூரிக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. மேரி ஷார்லீப் என்பவர் சென்னையில் வக்கீலாக இருந்த வெள்ளைக்காரரின் மனைவி. அந்நிய ஆண் முன்னால் வர முடியாத காரணத்தால் இங்கே பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைப் பார்த்து, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த வருஷம் அங்கே சேர்ந்த பெண்கள் 4 பேர். பிறகு லண்டன் போய் எலிசபெத்தின் கல்லூரியில் படித்து, 1882இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். 20 வருஷத்துக்கு முன் எலிசபெத்தை ஒரே ஓட்டில் திருப்பி அனுப்பிய அதே பல்கலைக்கழகம்! சென்னை திரும்பிய ஷார்லீப்பின் முயற்சியால் 1885இல் பெண்களுக்கென்று உருவான மருத்துவமனைதான், திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. நம்மில் சிலர் பிறந்ததே அங்கேதான் என்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

எல்லா வீட்டிலும் நியூசன் காரெட் போல ஓர் அப்பா கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அவரிடம் மால்ட் ஆலை இருப்பதில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் அவரிடம் எனக்குப் பிடித்தது பணம் அல்ல. முதலில் ஒரு முடிவு சொன்னார். பிறகு நேரில் போய்ப் பார்த்தார். பார்த்தது தன் முடிவுக்கு ஒத்து வரவில்லை என்றதும் முடிவை மாற்றிக்கொண்டார். சைட்டில் நாம் தினமும் செய்கிற வேலைதான் இது. வீட்டுக்கு வந்தால் மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

கதையில் இன்னும் ஒரு திருப்பம் இருக்கிறது. எலிசபெத்தின் மகள் லூயிசாவும் அம்மாவின் கல்லூரியிலேயே படித்து டாக்டரானார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட போராட்டத்தில் தாயும் மகளும் இருந்தார்கள். போராட்டம் தீ வைப்பு வரை போனது எலிசபெத்துக்குப் பிடிக்கவில்லை. 1911இல் அந்த அமைப்பிலிருந்து விலகிக்கொண்டார். அடுத்த வருஷமே மகள் ஒரு ஜன்னல் கண்ணாடியை உடைத்து ஜெயிலுக்குப் போனார். ஒரு காலத்தில் அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலி 75 வயதில் எலிசபெத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது! அதே மகள்தான் முதல் உலகப்போரில், 1915 முதல் லண்டனில் பெண்களே நடத்திய ராணுவ மருத்துவமனையில் தலைமை அறுவை மருத்துவராக இருந்து ஆயிரக்கணக்கான சிப்பாய்களைக் கவனித்தார். எலிசபெத் அதையும் பார்த்துவிட்டுத்தான், 1917 டிசம்பர் 17 அன்று ஆல்ட்பரோவில் கண்ணை மூடினார். அதற்கு முன் 1908இல் அந்த ஊருக்கு மேயராகவும் ஆனார். இங்கிலாந்தின் முதல் பெண் மேயர். ஒரு காலத்தில் அவர் அப்பா வகித்த பதவி.

நண்பர்களே, நம் பிள்ளைகளும் ஒருநாள் நமக்குப் பிடிக்காத ஒன்றைக் கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். மெடிக்கலாக இருக்கலாம், மியூசிக்காக இருக்கலாம், பெயரே நமக்குப் புரியாத ஏதோ ஒரு கோர்ஸாகவும் இருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் சொல்லுமுன் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, அவர்களோடு சேர்ந்து நாலு வாசல் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்வோம். அதன் பிறகும் வேண்டாம் என்றே தோன்றினால், அந்தப் பதிலுக்கு அப்போது ஒரு மதிப்பு இருக்கும்.