வேலியோரப் பூவைச் சுவரில் மலர்வித்த கவிஞர்

மலரின் பெயரையே நிலத்துக்குச் சூட்டியது தமிழ். குறிஞ்சியும் முல்லையும் நெய்தலும் நம் புலவர்க்கு வெறும் பூக்களல்ல; வாழ்வின் ஒழுக்கங்கள். இவ்வாறே, தானாக முளைத்துத் தானாக மலரும் செடியைக் கலையின் நடுவிடத்தில் அமர்த்திய கவிஞர் ஒருவர் கடல் கடந்த இங்கிலாந்திலும் தோன்றினார். அவரே வில்லியம் மாரிஸ்.

இலண்டனை அடுத்த வால்தம்ஸ்டோவில் 1834 மார்ச் 24ஆம் நாள் செல்வக் குடியில் பிறந்தார். எப்பிங் காட்டின் ஓரத்தில் அவருடைய இளமை கழிந்தது. சமயப் பணி கருதி 1853இல் ஆக்ஸ்போர்டில் சேர்ந்தவரை, ஓவியர் பர்ன்-ஜோன்சின் நட்பும் பழங்காலக் கட்டடங்களும் கலையின்பால் திருப்பின. 1859இல் ஜேன் பர்டனை மணந்தார். நண்பர் பிலிப் வெப் வரைந்து கட்டுவித்த செங்கல் வீட்டில் மறு ஆண்டு குடிபுகுந்தார். அவ்வீட்டுக்கு ஏற்ற அழகிய பொருள்கள் கடைகளில் இல்லை. ஆகவே தாமே செய்வதென நண்பர்கள் துணிந்தனர். 1861இல் அவர்களது நிறுவனம் பிறந்தது.

அக்காலத்துச் சுவர்த்தாள்களில் பெருத்த தோட்டப்பூக்கள் உயிருள்ளவை போல் பகட்டின. மாரிஸ் அவற்றை விரும்பவில்லை. ‘டெய்சி’ என்னும் எளிய புல்வெளிப் பூவை எடுத்தார். தோட்டத்துப் பந்தலில் படர்ந்த ரோசாக்கொடியை எடுத்தார். இவ்விரு தாள்களும் 1864இல் வெளிவந்தன. பந்தற்கொடியினிடையே அமர்ந்த பறவைகளை வெப் வரைந்தார். செடியை அப்படியே படியெடுப்பது மாரிசின் நோக்கமன்று. தண்டு வளைந்து இலை விரிந்து மேலெழும் வளர்ச்சியின் ஒழுங்கையே அவர் கோலமாக்கினார். ஆற்றோரத்து வில்லோ மரக்கிளையைக் கொண்டு 1887இல் அமைத்த தாளில் பூவே இல்லை. இலையின் அசைவே அழகாயிற்று. இவ்வாறு ஐம்பதுக்கு மேற்பட்ட தாள்களை அவர் படைத்தார். இடையே 1868 முதல் 1870 வரை வெளிவந்த நெடுங்கவிதைத் தொகுதியால் நாடறிந்த கவிஞருமானார்.

ஆயினும் அப்பசுமையில் நஞ்சும் கலந்திருந்தது. அவருடைய பந்தற்கொடித் தாளின் பச்சை வண்ணத்தில் ஆர்செனிக் இருந்ததை 2003இல் வெளியான வேதியியல் ஆய்வு காட்டிற்று. அந்நஞ்சைப் பெருமளவில் விற்ற சுரங்க நிறுவனத்தின் பங்குகளே அவர் குடும்பச் செல்வத்தின் ஊற்று. அதன் இயக்குநர் பதவியை 1875இல் அவர் விட்டார். எனினும் தாளின் நஞ்சைப் பற்றிய மருத்துவர் எச்சரிக்கையை அவர் முழுதும் நம்பவில்லை. பெரியோர் வாழ்விலும் இத்தகைய நிழல் உண்டு.

அதே காலத்தில் துணிச்சாயத்துக்கு மட்டும் செடியின் வேரையும் இலையையும் நாடினார். லீக் நகரில் தாமஸ் வார்டிலுடன் சேர்ந்து, கை நீலம் பாய அவுரித் தொட்டியில் உழைத்தார். அவுரியும் சாயவேரும் நம் மண்ணின் செல்வங்கள். திருமானூரைத் தழுவும் கொள்ளிடத்தின் கரையிலேயே, கிழக்கே கோடாலிக்கருப்பூரில், தஞ்சை மராட்டிய மன்னர்க்கென வண்ணத்துகில் இயற்றிய கைவினைஞர் வாழ்ந்தனர். அவர்களுடைய கலை அரண்மனையை நம்பி வாழ்ந்து, அரசு மறைந்தபின் நலிந்தது.

செல்வர் கையில் மட்டும் தங்கும் அழகின் துயரம் மாரிசையும் வருத்திற்று. அகாந்தஸ் இலைத் தாள் ஒன்றை அச்சிட முப்பது மரக்கட்டைகள் வேண்டியிருந்தன. வேலியோரத்தில் எவர்க்கும் இலவசமாய் மலர்ந்த பூ, தாளில் ஏறியதும் ஏழைக்கு எட்டாப் பொருளாயிற்று. இம்முரண்பாட்டை அவர் மறைக்கவில்லை. 1883இல் பொதுவுடைமை இயக்கத்தில் இணைந்து, தெருமுனைகளில் தொழிலாளரிடையே பேசினார். உழைப்பவனுக்கு உழைப்பே இன்பமாகும் உலகைத் தம் நூல்களில் கனவு கண்டார். 1891இல் அச்சகம் நிறுவி, செடிகொடி ஓரவரிகள் சூழ்ந்த நூல்களை வெளியிட்டார். சாசரின் படைப்புகள் அவ்வாறு அச்சேறிய 1896ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 3ஆம் நாள் மறைந்தார்.

முரண்பாட்டை அவர் தீர்த்துவிடவில்லை. அதனோடு வாழ்ந்து, உழைத்து, போராடினார். தும்பையும் ஆவாரையும் எருக்கும் பூக்கும் கொள்ளிடக் கரையில் கவிதை வளர்ப்போர்க்கு அவர் விட்டுச்சென்ற செய்தி ஒன்றுண்டு. பாடுபொருள் காலடியிலேயே மலர்கிறது; அதனை எல்லார்க்கும் உரியதாக்குவதே கலைஞனின் கடன்.