அஞ்சா நெஞ்சர் ஜனானி லுவும்

கிழக்கு ஆப்பிரிக்காவில், விக்டோரியா ஏரியின் கரையில் அமைந்த நாடு உகாண்டா. அதன் வடபகுதியில் உள்ள முச்வினி என்னும் சிற்றூரில், அச்சோலி இனக் குடும்பம் ஒன்றில் 1922ஆம் ஆண்டு ஜனானி லுவும் பிறந்தார். வறுமை காரணமாக இளமையில் ஆடு மேய்த்தார். காலந்தாழ்ந்தே பள்ளிக்குச் சென்றார். எனினும் ஆர்வத்துடன் கற்று ஆசிரியரானார்.

பின்னர் அவர் உள்ளம் சமயப்பணியை நாடியது. 1956இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானார். இங்கிலாந்து சென்று மேலும் பயின்றார். 1969இல் வட உகாண்டாவின் ஆயராகவும், 1974இல் பேராயராகவும் உயர்ந்தார்.

அக்காலத்தில் உகாண்டாவை ஆண்டவர் இடி அமின். 1971இல் படைவலிமையால் ஆட்சியைக் கைப்பற்றிய அவர், மறு ஆண்டே ஆசிய மக்களை 90 நாள்களுக்குள் வெளியேறுமாறு ஆணையிட்டார். அவர்களுள் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டையும் கடையையும் விட்டு அவர்கள் வெளியேறினர். சொந்த நாட்டு மக்களும் தப்பவில்லை. பலர் இரவோடு இரவாகக் கடத்தப்பட்டனர், திரும்பி வரவில்லை.

காணாமற்போனவர்களின் குடும்பத்தார் பேராயரை நாடி வந்தனர். அவரோ அஞ்சாது அரசு அலுவலகங்களுக்கே சென்று, சிறைப்பட்டோருக்காக வாதாடினார். 1977 பிப்ரவரி 5ஆம் நாள் பின்னிரவில் படைவீரர்கள் அவர் இல்லத்துள் புகுந்து ஆயுதங்களைத் தேடினர், எதுவும் கிட்டவில்லை. அதன்பின் அவரும் ஆயர்களும், நாட்டில் நிகழும் கொலைகளைக் கண்டித்து அதிபருக்கு மடல் எழுதினர்.

உயிருக்கு ஆபத்து நெருங்குவதை உணர்ந்த அன்பர்கள், நாட்டைவிட்டுச் செல்லுமாறு அவரை வேண்டினர். தம் மக்களைத் துன்பத்தில் விட்டுத் தாம் மட்டும் தப்பிச்செல்ல அவர் இசையவில்லை. பிப்ரவரி 16ஆம் நாள், தலைநகர் கம்பாலாவில் நடந்த கூட்டத்திற்கு அழைக்கப்பட்டார். ஆட்சிக்கு எதிராகச் சதி செய்ததாக அங்கே குற்றஞ்சாட்டப்பட்டார். மற்ற ஆயர்கள் அனுப்பப்பட்டனர். அவர் மட்டும் நிறுத்தப்பட்டார்.

மறுநாள், லுவுமும் அமைச்சர் இருவரும் கார் விபத்தில் இறந்ததாக அரசு அறிவித்தது. கம்பாலாவில் அவருக்காகக் கல்லறை தோண்டப்பட்டது, உடல் வரவில்லை. எனினும் வெறுங்குழி அருகே மக்கள் திரண்டு வழிபட்டனர். வீரர்கள் உடலைப் பிறந்த ஊருக்குக் கொண்டு சென்றனர். அங்கே உடலில் துப்பாக்கிக் குண்டின் காயங்களைக் கண்டவர்கள் உண்மையை அறிந்தனர்.

1979இல் இடி அமினின் ஆட்சி வீழ்ந்தது. 1998இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலய வாயிலின் மேல், மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்டோர் சிலைகளுடன் லுவுமின் சிலையும் நிறுவப்பட்டது. பிப்ரவரி 16 இன்று உகாண்டாவில் பொது விடுமுறை நாள். ஆடு மேய்த்த சிறுவரின் பெயரை அந்நாடு ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. லுவும் நாட்டைவிட்டுச் செல்ல மறுத்தது ஏன்?
2. வெறுங்குழி அருகே மக்கள் கூடியது எதனை உணர்த்துகிறது?
3. பிறருக்காகத் துணிந்து பேசிய ஒருவரைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.