வாழவந்தியில் வாழவந்தவர்

ஒருவன் ஆற்றிய தொண்டினை அவனது வாழ்நாளைக்கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. அவனுக்குப்பின் அவன் மனையிலுள்ளார் அதனை ஏற்று நடத்தினரா என்பதையும் நோக்கல்வேண்டும். கொல்லிமலை வாழவந்தி நாட்டில் விளங்கிய ஜெஸ்ஸி மான் பிராண்ட் என்னும் ஆங்கிலப் பெரியாரின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும். அவர் கிறிஸ்தவ நெறி நின்றவர். எனினும் இல்லறத்தின் மாண்பை அறிய விழையும் எந்நெறியினரும் அவரை நினைத்தல் தகும்.

1885-ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்த இவர், 1907-இல் நம் நாடு போந்தார். கட்டடத் தொழிலிலே கைதேர்ந்தவர். சிறிது மருத்துவமும் பயின்றவர். 1913-இல் எவெலின் என்னும் லண்டன் நங்கையை மணந்து, வல்வில் ஓரியின் மலையாகிய கொல்லியிலே குடிபுகுந்தார். இன்று எழுபது கொண்டையூசி வளைவுகளோடு செல்லும் சாலை அன்று இல்லை. நடந்தேனும் டோலியிலேனும்தான் மேலேறல் வேண்டும்.

மலைமக்களை அக்காலத்து வருத்திய பிணிகளுள் ஒன்று நரம்புச்சிலந்தி. புண்ணுடைய கால் குளத்து நீரிற் படுங்கால் புழுவின் குஞ்சுகள் நீரிற் கலக்கும். அவற்றை நுண்ணிய நீர்ப்பூச்சிகள் விழுங்கும். அந்நீரைப் பருகினார் உடலில் ஓராண்டளவில் நீண்ட புழு வளர்ந்து தோலைத் துளைத்து வெளிப்படும். இழுத்தால் அறுந்து புண் சீழ்பிடிக்கும். பிராண்ட் அதனைச் சிறு குச்சியிற் சுற்றி நாடோறும் சிறிது சிறிதாக வாங்குவார். எத்துணைப் பொறுமை வேண்டும் அதற்கு! இந்நோய் இந்தியாவை விட்டு முற்றும் நீங்கியது 2000-ஆம் ஆண்டிலேதான் உறுதி செய்யப்பெற்றது.

பல்லாண்டுகள் மலைவாணர் ஒருவரும் அவர் சமயத்தைத் தழுவினாரல்லர். அதுபற்றி அவர் மருந்தளித்தலை நிறுத்தினாரல்லர்; பள்ளி நடத்துதலையும் கைவிட்டாரல்லர். பின்னர் விஷக்காய்ச்சல் பரவியபோது, அவரை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவரே இறக்குந்தறுவாயில் தம் குழந்தையை அவர்பால் ஒப்புவித்தனர். பிறர் நம்பிக்கை இங்ஙனமன்றோ ஈட்டப்படுவது!

இவர்தம் மக்கள் இருவர்: 1914-இற் பிறந்த பால், அவர் தங்கை கோனி. 1923-இல் கல்வியின்பொருட்டு இருவரையும் இங்கிலாந்தில் விடுத்துப் பெற்றோர் மலைக்கு மீண்டனர். தந்தையார் மரமும் பறவையும் மலைவாழ்வும் பற்றி மகனுக்கு ஓயாது கடிதம் வரைந்தார். 1929 ஜூனில் மலைச்சுரம் முற்றிச் சிறுநீர் கறுக்கும் கொடுநோயால் அவர் உயிர் துறந்தார். மரணச் செய்தி தந்தியில் விரைந்து சென்றது. கப்பலேறிய கடிதங்களோ அதன்பின்னும் மகன் கைக்கு வந்துகொண்டிருந்தன. அவ்விளைஞன் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்!

தந்தை விட்ட பணி ஆண்டே முடியவில்லை. பால் பிராண்ட் முதலிற் கட்டடத் தொழில் பயின்று, பின்னர் மருத்துவரானார்; 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி, உலகப் புகழ் எய்தினார். எவெலின் அம்மையார், சங்கப் பணியினின்று ஓய்வுபெற்ற பின்னும் மலையைவிட்டகலாது, முதுமையிலும் குதிரைமீதேறி ஊர்தோறும் சென்று தொண்டாற்றினார். 1974-இல், தொண்ணூற்றைந்தாம் வயதில் இயற்கையெய்திய அவர், வாழவந்தியிலே கணவர் அருகில் அடக்கஞ்செய்யப்பெற்றார்.

சங்கத்து அன்பர்காள்! நாம் மக்களுக்கு நிலம் வைக்கின்றோம், வீடு வைக்கின்றோம். அவற்றோடு அவர் ஏற்று நடத்தத்தக்க ஒரு நற்பணியையும் வைத்துச் செல்கின்றோமா என்று ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்திலே ஆராய்தல் நன்று.