தமிழோசைக்குப் பெயர் சூட்டியவர்

இரவு உணவு முடிந்ததும் சிற்றலை வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருகி, இலண்டன் தமிழோசையைத் தேடிய தலைமுறை ஒன்று இத்தகடூர் மண்ணிலும் இருந்தது. இரைச்சலைக் கடந்து வந்த அக்குரலைக் கேட்டோர் பலர். அந்நிகழ்ச்சிக்கு அப்பெயரை இட்டவர் யாரென அறிந்தோர் மிகச் சிலர். அவர் சோ. சிவபாதசுந்தரம்.

யாழ்ப்பாணத்தை அடுத்த கரம்பொன் என்னும் ஊரில் 1912-இல் பிறந்த அவர், முதலில் ‘ஈழகேசரி’ இதழின் ஆசிரியராகவே அறியப்பட்டார். பின்னர் இலங்கை வானொலியில் பணியாற்றி, 1947-இல் இலண்டன் சென்று பி.பி.சி.யின் தமிழ்ப் பணியில் அமர்ந்தார். 1941-இல் தொடங்கப்பெற்ற அவ்வொலிபரப்பு அப்போது ‘செய்தி மடல்’ என வழங்கியது. பாரதியின் சொல்லை எடுத்து அவர் அதற்குத் ‘தமிழோசை’ எனப் பெயர் சூட்டினார். மடல் என்பது படித்தற்குரியது. ஓசை என்பது கேட்டற்குரியது. மாற்றம் ஒரு சொல்லளவே எனினும், அவருடைய கொள்கை முழுவதும் அதில் அடங்கியிருந்தது என்பது எம் துணிபு. மேடைத் தமிழையும் ஏட்டுத் தமிழையும் ஒலிவாங்கியின் முன் அப்படியே ஒப்பித்தல் ஒலிபரப்பாகாது. வீட்டில் அமர்ந்து கேட்பவர் ஒருவரோடு பேசுவதற்குத் தனிநடை வேண்டும். இக்கலையைத் தமிழில் முறைப்பட எடுத்துரைத்த முன்னோடி நூல், 1954-இல் வெளிவந்த அவருடைய ‘ஒலிபரப்புக் கலை’. வானொலிக்கு எழுத விழையும் நம் இளைஞர் இன்றும் அதைத் தேடிப் படிக்கலாம், கிடைப்பதுதான் அரிது.

காற்றில் கலந்த குரலை மீட்பது எளிதன்று. அவருடைய ஒலிபரப்புகளைக் கேட்டறிய இன்று நமக்கு வழியில்லை, எஞ்சியவை நூல்களே. மாணிக்கவாசகர், கௌதம புத்தர், சேக்கிழார் ஆகியோரின் அடிச்சுவடுகளைப் பின்பற்றிப் பயணம் செய்து அவர் எழுதிய மூன்று நூல்களும் தமிழ்ப் பயண இலக்கியத்தில் தனியிடம் பெற்றவை. சிட்டி பெ. கோ. சுந்தரராஜனுடன் இணைந்து தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றை 1977-இலும், சிறுகதையின் வரலாற்றை 1989-இலும் அளித்தார். சிட்டியும் அகில இந்திய வானொலியில் பணியாற்றியவரே. பேசி மறையும் தொழிலில் இருந்த இருவர், எழுதி நிற்கும் வரலாற்றைத் தேடித் தொகுத்தது வியப்புக்குரியது.

சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்த சிவபாதசுந்தரம் 2000 நவம்பரில் இலண்டனில் மறைந்தார். அவர் பெயரிட்ட தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் நாள் இரவோடு நின்றது.