தீப்பொறி கேட்ட கேள்வி: நிக்கோலா டெஸ்லா

கணினி வழி உலோகம் கடையும் இயந்திரத்திலும் தொழிற்சாலையின் இயந்திரக் கையிலும் ஓர் உறுப்பைக் குறித்த இடத்தில் கொண்டு நிறுத்தும் வேலையைப் பெரும்பாலும் தூரிகையற்ற மோட்டார்களே செய்கின்றன. அவற்றின் அடிப்படைச் சிந்தனை, வகுப்பறையில் முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்றாகும்.

நிக்கோலா டெஸ்லா 1856 ஜூலை 10-ஆம் நாள், இன்றைய குரோவேஷியாவிலுள்ள ஸ்மில்யான் சிற்றூரில் ஒரு செர்பியப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். 1875-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்குப் பேராசிரியர் பொஷ்ல் நேர்மின்னோட்ட இயந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினார். சுழலும் திசைமாற்றியில் தூரிகைகள் உரசிய இடமெங்கும் தீப்பொறி பறந்தது. தூரிகைகளே இல்லாமல் இயக்க முடியாதா என்று கேட்டார் டெஸ்லா. அது ஒருக்காலும் முடியாது என்று நிறுவப் பேராசிரியர் ஒரு விரிவுரையையே ஒதுக்கினார்.

டெஸ்லா பட்டம் பெறாமலேயே கிராட்ஸை விட்டு நீங்கினார். கேள்வி மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை. 1882-இல் புடாபெஸ்ட் பூங்காவில் நண்பருடன் நடந்துகொண்டிருந்தபோது விடை கிடைத்ததாகவும், மண்ணில் குச்சியால் அதை வரைந்து காட்டியதாகவும் அவர் பிற்காலத்தில் எழுதினார். சுற்றிலும் கம்பிச்சுருள்களை நிலையாக வைத்து, அவற்றில் மாறுதிசை மின்னோட்டத்தை ஒன்றன்பின் ஒன்றாக உச்சமடையச் செய்தால் காந்தப்புலமே சுழலும்; நடுவிலுள்ள சுழலி அதைப் பின்தொடரும். தூரிகைக்கு அங்கு வேலையே இல்லை!

1884-இல் நியூயார்க் சென்று எடிசனிடம் சில மாதங்கள் வேலை செய்தார். பின்னர் வயிற்றுப்பாட்டுக்காகக் குழி வெட்டும் கூலி வேலையும் பார்த்தார். 1888 மே மாதம் காப்புரிமைகள் கிடைத்தன. வெஸ்டிங்ஹவுஸ் அவற்றை வாங்கினார். இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸும் இதே தத்துவத்தைத் தனியே கண்டறிந்து அதே ஆண்டு வெளியிட்டார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

சுழலும் புலம் சக்கரத்தைச் சுற்றியது. அதைச் சொன்ன இடத்தில் நிறுத்துவது எப்படி? அதற்குச் சுழலி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். 1879-இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் கண்ட விளைவு, காந்தத்தைத் தொடாமலே உணர வழிவகுத்தது. டிரான்சிஸ்டர்கள் வந்தபின், 1962-இல் தூரிகைக்குப் பதிலாக மின்னணுச் சுற்றே மின்னோட்டத்தை மாற்றும் நேர்மின் மோட்டார் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானது. இன்று ஒரு சுற்றை 4000 படிகளாகப் பிரித்துக் காட்டும் உணரியையும், சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும் திருகையும் இணைத்தால், ஒரு படி 0.00125 மில்லிமீட்டர். கட்டுப்படுத்தி நொடிக்குப் பல்லாயிரம் முறை கோணத்தைப் பார்த்து, புலத்தின் திசையைத் திருத்திக்கொண்டே இருக்கிறது.

1943 ஜனவரி 7-ஆம் நாள் நியூயார்க் விடுதி அறையொன்றில் டெஸ்லா தனிமையில் காலமானார். 1960-இல் காந்தப்புலச் செறிவின் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

நண்பர்களே, அந்தப் பேராசிரியர் அறியாதவர் அல்லர். ஒரே திசையில் இழுக்கும் விசையைச் சுழலும் விசையாக்க முடியாது என்பதே அவர் வாதம். அவர் கண்முன் இருந்த நேர்மின்னோட்டத்திற்கு அது பொருந்தியது. மாணவரோ மின்னோட்டத்தையே மாற்றிப் பார்த்தார். விரிவுரையைக் குறிப்பெடுக்கும் நாம், அது எந்த எல்லைவரை உண்மை என்பதையும் ஓரத்தில் குறித்து வைப்போம்.